பாளையங்கோட்டையில் காலைக்கடை போடலாம் என்றிருக்கிறேன்: கருப்பட்டிக் காப்பி, சிறுதானிய இட்லி ஓடுமா?

சமாதானபுரம் வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினொரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு இந்தச் சித்திரையோடு ஊருக்கே வந்துவிட்டேன். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. காலை ஐந்து மணிக்குத் திறந்து பதினொரு மணிக்கு மூடிவிடுகிற மாதிரி, காலைச் சாப்பாடும் சூடாகக் குடிக்கிற சாமானும் மட்டும் விற்கிற கடை போடலாம் என்பது என் எண்ணம். அப்பாவுக்கு மதியம் துணைக்கு ஆள் வேண்டும், அதனால்தான் இந்த நேரக்கணக்கு.

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். குடிக்க ஃபில்டர் காப்பி, கருப்பட்டிக் காப்பி, சுக்குமல்லிக் காப்பி. சாப்பிட சாமை இட்லி, கம்பு தோசை, குதிரைவாலிப் பொங்கல். டீ வேண்டாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு டீக்கடை இருக்கிறது. 2023ஐ ஐநா சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததில் இருந்து எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் ஒரு அடுக்கு முழுக்கத் தினையும் வரகும்தான், ஆட்கள் கேட்காமலா வைத்திருப்பார்கள்? இன்னொரு பக்கம், தங்கச்சி வீட்டுப் பிள்ளைகள் காலையில் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள், எங்கள் அம்மாவே ஆட்டுவதை நிறுத்திவிட்டு மாவு பாக்கெட் வாங்குகிறாள். எது நிலைக்கும், எது நாலு நாளில் ஓயும் என்று எனக்குப் பிடிபடவில்லை. கையில் இருப்பது சேமிப்புப் பணம், தொலைத்துவிட்டால் திரும்பச் சேர்க்கிற வயது இல்லை. தொழிலில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை பாய்லர் எழுதியது:

தம்பி, டீ இல்லாமல் காலைக்கடை என்கிற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். இருபத்திரண்டு வருடமாக பாய்லர் முன்னால் நிற்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். நான்கு டீக்கடை இருக்கிற தெருவில் ஐந்தாவது கடை ஓடும், டீயே இல்லாத கடைக்குள் ஐந்து பேர் சேர்ந்து வந்தால் அதில் மூன்று பேர் டீ கேட்பார்கள், அந்த மூன்று பேருக்காக மற்ற இரண்டு பேரும் எழுந்து அடுத்த கடைக்குப் போவார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ டீத்தூளில் முந்நூறு கிளாசுக்குக் குறையாமல் போடலாம். ஒரு கிலோ காப்பிப் பொடியில் நல்ல டிகாக்‌ஷன் இறக்கினால் நூறு கிளாஸ், கொஞ்சம் தண்ணியாக விட்டால் நூற்றிருபது. கிலோவுக்குக் கிலோ காப்பிப் பொடி விலையும் கூடுதல். ஆக ஒரு கிளாஸ் காப்பியில் பொடிக்கே போகிற பணம் டீயைப் போல பல மடங்கு. பால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், என் கடையில் லிட்டருக்குப் பன்னிரண்டு காப்பி. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 2022 நவம்பரில் லிட்டர் 48 ரூபாயில் இருந்து ஒரே தாவாக 60க்கு ஏறியபோது நான் கிளாசுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினேன், அதற்கே ஒரு மாதம் முகம் சுளித்தார்கள்.

காப்பிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நம் குடகு, சிக்மகளூர் காப்பிக்கொட்டையில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குத்தான் போகிறது, அதனால் உலகச் சந்தை எப்படி ஆடுகிறதோ அப்படியே இங்கே பொடி விலையும் ஆடும். வியட்நாமிலும் பிரேசிலிலும் மழை பொய்த்து 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் கொட்டை விலை இதுவரை பார்க்காத உயரத்துக்குப் போனதே, அப்போது பொடி அரைத்துக் கொடுப்பவர் மாதம் ஒரு விலை சொன்னார். டீ அப்படி இல்லை. இந்த நாட்டில் விளைகிற தேயிலையில் பெரும்பங்கை நாமே குடித்துத் தீர்க்கிறோம், விலை ஏறினாலும் மெதுவாகத்தான் ஏறும்.

அந்தச் சமயத்தில் எதிர்ச்சாரிக் கடைக்காரர் ஃபில்டரை ஓரம் கட்டிவிட்டு இன்ஸ்டன்டுக்கு மாறினார். இன்னொருவர் சிக்கரியைக் கூட்டினார். சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம், எவ்வளவு என்பதை பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும், பொடி வாங்கும்போது அதை நீங்களே படித்துப் பாருங்கள். நான் எண்பதுக்கு இருபதைத் தாண்டவில்லை. லாபம் குறைந்தது, ஆனால் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நடந்துவிட்டு வருகிற ஆட்கள் ஒருவர்கூடக் குறையவில்லை. காப்பி குடிக்கிறவர் நாக்கை ஏமாற்ற முடியாது, டீக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துப்போவார்கள்.

மாறியிருப்பது என்ன என்று கேட்டால், சீனி. பத்து வருடத்துக்கு முன்னால் பத்துப் பேரில் ஒருவர் சீனி இல்லாமல் கேட்பார், இப்போது என் கடையில் மூன்று பேர் நான்கு பேர். ‘சீனி கம்மியா, ஸ்ட்ராங்கா’ என்பதுதான் காலை முழுக்கக் காதில் விழுகிறது. அதனால் சீனியைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சுகிற பழக்கம் வேண்டாம், தனியாக வையுங்கள். அப்புறம், கவரில் டீ கட்டிக் கொடுப்பதும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரியில் இருந்து நம் மாநிலத்தில் தடை. கண்ணாடி கிளாஸ் வாங்கி, கழுவ வெந்நீர் வையுங்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் கடை என்பதால் ஃபிளாஸ்க்கோடு வருகிறவர்கள்தான் உங்களுக்குப் பெரிய வியாபாரம்.

ஹைகிரவுண்டில் இருபது நாள் எழுதியது:

போன ஐப்பசியில் எங்கள் அத்தையைச் சேர்த்து இருபது நாள் அங்கே படுத்துக்கிடந்தேன், அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். விடிய நான்கரைக்கு வெந்நீருக்கும் கஞ்சிக்கும் அலைந்தேன். இட்லி எங்கும் கிடைத்தது, ஆனால் நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரி காரமில்லாத சட்னி கிடைக்கவில்லை, நொய்க்கஞ்சி கிடைக்கவே இல்லை. அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் போட்டு உப்பு மட்டும் இட்ட கஞ்சியை டம்ளர் கணக்கில் வைத்திருந்தால் நான் தினமும் உங்களிடம்தான் வந்திருப்பேன். சாமைப் பொங்கல் எல்லாம் அங்கே யாரும் தேட மாட்டார்கள் அண்ணே.

அம்பை மாவுக்கடை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் வீட்டில் இருந்தே ஆறு வருடமாக மாவு ஆட்டி விற்கிறேன். உங்கள் அம்மா பாக்கெட் வாங்குவதை எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மாவு வாங்குகிறவர்கள் ஆபீசுக்குப் போகிற பெண்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு முதன்முதலில் வந்தவர்கள் பீடி சுற்றுகிற அக்காமார்கள். ஒரு நாளைக்குச் சுற்றி முடிக்க வேண்டிய கணக்கு இருக்கும்போது ஊறப்போட்டு, ஆட்டி, கிரைண்டரைக் கழுவிவைக்க இரண்டு மணி நேரம் போனால் அது கூலியில் இருந்துதானே போகிறது? அரைக் கிலோ மாவு வாங்கினால் ராத்திரி தோசை, காலையில் பிள்ளைகளுக்கு நான்கு இட்லி. ஆட்டுவதைவிட வாங்குவதுதான் அவர்களுக்கு லாபம். ஆபீஸ்காரர்கள் அதற்கப்புறம்தான் வந்தார்கள். பெங்களூரில் 2005ல் ஒரு சின்னக் கடையில் மாவு பாக்கெட் போட ஆரம்பித்தவர்கள் இன்று ஐடி ஃப்ரெஷ் என்று எத்தனையோ ஊருக்கு அனுப்புகிறார்கள், அது குளிர்சாதன வண்டியில் வருகிற மாவு. நம் தெருவில் அன்றைக்கு ஆட்டி அன்றைக்கே விற்கிற மாவுக்கு அதோடு போட்டியே இல்லை, விலையும் வேறு, வாங்குகிற ஆளும் வேறு.

நான் போடுவது அம்பை 16 அரிசி. எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம், குண்டு அரிசி, இட்லிக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. நான்கு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து, புது உளுந்தாக இருந்தால் கொஞ்சம் குறைப்பேன், ஒரு பிடி வெந்தயம். தண்ணீரோடு பதினோரு கிலோ பக்கம் மாவு காணும். உளுந்து நன்றாகப் பொங்கவில்லை என்றால் இட்லி கல், அதனால் உளுந்து வாங்குவதில் மட்டும் காசு பார்க்கவே பார்க்காதீர்கள். பங்குனி சித்திரை வெயிலில் மாவு ஐந்து ஆறு மணி நேரத்தில் புளித்துத் தாண்டிவிடும், ஐஸ்தண்ணீர் விட்டு ஆட்டி, உப்புப் போடாமல் கொடுத்து, வீட்டில் போய் உப்புப் போடச் சொல்வேன். மார்கழியில் நேர்மாறு, பொங்கவே பொங்காது, அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டும். இது தெரியாமல் மெஷின் மட்டும் வாங்கிப்போட்டு எங்கள் ஊரிலேயே இரண்டு பேர் மூடிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் நேரம்தான் இடிக்கிறது. மாவு சாயங்காலச் சரக்கு. நான்கு மணியில் இருந்து எட்டு மணிக்குள் முக்கால்வாசி போய்விடும். பதினொரு மணிக்குக் கடையை மூடுகிற நீங்கள் மாவு விற்க நினைக்காதீர்கள், பக்கத்தில் சாயங்காலம் திறக்கிற பலசரக்குக் கடையில் வேண்டுமானால் கொடுத்துவைக்கலாம்.

சிறுதானியம் பற்றி: நானும் சாமை மாவு, குதிரைவாலி மாவு போட்டேன். முதல் மாதம் நன்றாகப் போனது. அப்புறம் வாரத்துக்கு ஒருநாள், அதுவும் சர்க்கரை வியாதி இருக்கிற வீடுகள் மட்டும். குதிரைவாலி விலை இட்லி அரிசியைவிட எவ்வளவோ அதிகம், இட்லி மல்லிகைப் பூ மாதிரி வராது, தோசைக்குப் பரவாயில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. எங்கள் ஆச்சி காலத்தில் கம்பங்கூழும் கேப்பைக் கூழும் குடித்து வளர்ந்த ஊர் இது, கரிசல் பக்கம் இன்னும் கம்பு விளைகிறது. அதை அரிசி இட்லிக்குப் போலியாக மாற்றி விற்பதைவிடக் கூழாகவே விற்றால் ஓடும் என்று நினைக்கிறேன். கோடையில் தள்ளுவண்டியில் மோர்மிளகாயோடு கூழ் விற்கிறவரிடம் எப்போதும் கூட்டம் நிற்கிறதே. பனிரண்டு மாதமும் வேண்டாம், மாசியில் இருந்து ஆனி வரை வையுங்கள்.

லைன் வண்டி எழுதியது:

நான் திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் லைனில் பலசரக்குக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவன். பெட்டியில் வருகிற காலைச் சாப்பாடு பற்றி மட்டும் சொல்கிறேன்.

கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1994ல். முப்பது வருடம் ஆகியும் கிராமத்து லைனில் பெரிய பெட்டி நகருவதில்லை. நாம் பாலைக் காய்ச்சிச் சூடாக விடுகிற ஆட்கள், சூடான பால் பட்டதும் அது ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். பிள்ளைகள் இனிப்பு போட்டதைக் கேட்டு வாங்குகிறார்கள், அதுவும் சின்னப் பாக்கெட். ஓட்ஸ் வேறு கதை. டாக்டர் சொன்னார் என்று வயதானவர்கள் வாங்குகிறார்கள், கஞ்சி போலக் காய்ச்சிக் குடிக்க நமக்கு அது பழகிய விஷயமாக இருக்கிறது, அதனால் நிற்கிறது.

சத்துபானப் பொடிகள் முன்பு மாதிரி இல்லை. 2024 ஏப்ரலில் அவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது, ஹார்லிக்ஸ் கம்பெனியும் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டது. அதற்கப்புறம் கடையில் பாட்டிலைத் திருப்பிச் சீனி எவ்வளவு என்று பார்க்கிற தாய்மார்களை நானே பார்க்கிறேன். போன 2025 செப்டம்பர் 22ல் இருந்து இன்ஸ்டன்ட் காப்பி, கார்ன்ஃபிளேக்ஸ், இந்தப் பொடிகள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18ல் இருந்து 5 ஆகிவிட்டது. ஃபில்டர் காப்பிப் பொடிக்கும் டீத்தூளுக்கும் முன்பே 5தான், ஆகவே பாய்லர் அண்ணாச்சி வாங்குகிற பொடியில் குறைய ஒன்றுமில்லை, இன்ஸ்டன்டுக்கும் ஃபில்டருக்கும் இருந்த வரி இடைவெளி போய்விட்டது, அவ்வளவுதான்.

லைனில் உண்மையாகவே ஓடுவது இரண்டு ரூபாய் காப்பி சாஷே. காட்டு வேலைக்குப் போகிற வீடுகளில் டப்பா வாங்குவதில்லை, காலையில் ஆளுக்கொன்று கிழிக்கிறார்கள். விலை அப்படியே நிற்கும், உள்ளே கிராம் மட்டும் குறையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022ல் ஆரம்பித்து 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபிறகு, பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளில் காலை நேர பன், பிஸ்கட் குறைந்துவிட்டது என்று என் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகள் அங்கே உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வயிறார சாப்பிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், சரக்கு குறைந்தாலும். நீங்கள் சின்னப் பிள்ளைகளை நம்பிக் கடை போடாதீர்கள், கல்லூரி விடுதிப் பிள்ளைகளை நம்பிப் போடலாம்.

தேரிக்காடு எழுதியது:

கருப்பட்டி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் உடன்குடிப் பக்கம், வீட்டில் இரண்டு தலைமுறை பனையேறியவர்கள்.

முதலில் என் மனத்தாங்கல். ரோட்டோரம் ‘ஒரிஜினல் கருப்பட்டிக் காப்பி’ என்று போர்டு வைத்த கடைகள் புற்றீசல் போல வந்துவிட்டன, நான் குடித்துப் பார்த்த பலவற்றில் இருந்தது சீனிப்பாகு கலந்த சரக்கு. போன வருடம் நானே ஒரு வியாபாரியிடம் அவசரத்துக்கு இருபது கிலோ வாங்கி ஏமாந்தேன், உடைத்தால் உள்ளே சீனி மினுமினுக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தப் பெயரைப் போட்டு எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள். வெயிலில் மரமேறிப் பதனீர் இறக்கி, நாள் முழுக்க விறகெரித்துக் காய்ச்சுகிற பெண்களுக்கு அதில் ஒரு காசு வருவதில்லை. நீங்கள் செய்வதானால் நல்ல சரக்கில் செய்யுங்கள், முடியாவிட்டால் அந்தப் பெயரையே எழுதாதீர்கள்.

பதனீர் காலம் பங்குனியில் சூடுபிடித்து ஆடியோடு முடிந்துவிடும். வருடத்துக்கு வேண்டியதை அந்தச் சமயத்திலேயே வாங்கி, பனையோலைப் பெட்டியில் ஈரம் படாமல் வையுங்கள். ஐப்பசி மழையில் வாங்கினால் விலையும் கூட, கசிவும் கூட. நல்ல கருப்பட்டி மெதுவாகக் கரையும், கரைத்து வைத்தால் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பும் தூசும் தங்கும், கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தானே பதனீர் இறக்குகிறோம். அதைத் துணியில் வடிகட்டாமல் பயன்படுத்தக் கூடாது.

பால் திரிவதுதான் புதிதாகச் செய்கிறவர்களை அழவைக்கும். கொதிக்கிற பாலில் கருப்பட்டிப் பாகை ஊற்றினால் திரிந்துவிடும். பாகைத் தனியாகக் காய்ச்சி வடிகட்டி, கிளாசில் பாகும் டிகாக்‌ஷனும் முதலில் விட்டு, பாலை இறக்கிக் கொதி அடங்கியபின் மேலே ஊற்றி ஆற்றுங்கள். கடுங்காப்பி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. தண்ணீரில் கருப்பட்டியும் தட்டிப்போட்ட சுக்கும் கொத்தமல்லியும் கொதிக்க வைத்து, கடைசியில் காப்பிப் பொடி தூவி இறக்கினால் தீர்ந்தது. எங்கள் ஊரில் விடியக்காலம் அதுதான், பால் காப்பி விருந்தாளிக்கு. பால் செலவு இல்லை என்பதால் நல்ல கருப்பட்டி போட்டாலும் உங்களுக்குக் கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். சீனி வேண்டாம் என்று சொல்லி வருகிற சர்க்கரை வியாதிக்காரரிடம் ‘கருப்பட்டி, ஒன்றும் செய்யாது’ என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். எங்கள் பெரியப்பா இப்படி நம்பியே காலைப் புண்ணாக்கிக்கொண்டார்.

சமாதானபுரம் வாசி எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று விடிய நான்கு மணிக்கே போய் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது மணி வரை நின்று பார்த்தேன். ஃபிளாஸ்க்கும் தூக்குவாளியுமாகத்தான் வருகிறார்கள், அண்ணாச்சி சொன்னது அப்படியே கண்ணால் பார்த்தேன். கஞ்சி கேட்டுத் திரும்பிப் போனவர்களை மட்டும் ஏழு பேர் எண்ணினேன்.

ஆகவே டீ போடுகிறேன். ஃபில்டர் காப்பி எண்பதுக்கு இருபது. கருப்பட்டியைப் பால் காப்பியில் தொடாமல், சுக்குப் போட்ட கடுங்காப்பியாக மட்டும். சாப்பிட அரிசி இட்லி, காரமில்லாத தேங்காய்ச் சட்னி ஒன்று, எள்ளுப்பொடி, நொய்க்கஞ்சி. சிறுதானிய இட்லியை விட்டுவிட்டேன், மாசி பிறந்ததும் கம்பங்கூழ். மாவு விற்கவில்லை, ஆனால் அம்பை அக்கா, உங்கள் ஊர் அரிசி பாளையில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். ஆடியில் வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள், ஆவணி முதல் வாரம் திறக்கிறேன். தேரிக்காடு அண்ணே, பதனீர் முடிவதற்குள் முப்பது கிலோ கருப்பட்டி வேண்டும், காய்ச்சுகிறவர்களிடமே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். எந்த நாள் வரலாம்?

தேரிக்காடு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வாருங்கள். காலையிலேயே வந்தால் காய்ச்சுவதையும் பார்க்கலாம்.

வண்ணார்பேட்டை பாய்லர் எழுதியது:

முதல் நாள் எத்தனை லிட்டர் பால் என்று கேட்கவில்லையே தம்பி. பத்துக்கு மேல் வாங்காதீர்கள். தீர்ந்துபோனால் பக்கத்துக் கடையில் கடன் கேட்கலாம், திரிந்துபோனால் ஒன்றும் செய்ய முடியாது.